செத்த சர்வரின் வாக்குமூலம்

ஒரு கணினி சாகும்போது, தான் ஏன் சாகிறோம் என்று எழுதி வைத்துவிட்டுச் சாக ஏற்பாடு செய்வதும் என் வேலைகளில் ஒன்று. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். இப்போது அதற்குத் தெம்பில்லை.

காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனை, நெடுங்காட்டில் ஒரு பள்ளிக்கூடம், இன்னும் இரண்டு மூன்று சில்லறை இடங்கள். இவற்றின் சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்த இடத்திலும் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. ஸ்கூட்டரில் போவேன், படிக்கட்டுக்கு அடியிலோ கழிப்பறைக்குப் பக்கத்திலோ அடைத்து வைத்திருக்கும் சர்வர் முன்னால் மண்டி போட்டு உட்காருவேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவேன். நாற்பத்தெட்டு வயதில் இது ஒரு பிழைப்பு. நல்லபடியாக ஓடும் நாளில் யாருக்கும் என் ஞாபகம் வராது. நின்றுபோனால்தான் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று தெரியும்.

அந்த மருத்துவமனை சர்வர் ஒரே மாதத்தில் நான்கு தடவை விழுந்தது. நான்கு தடவையும் காலையில், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும் நேரம் பார்த்து. சீட்டுப் போடுகிற இடம், பரிசோதனைக்கூடம், மருந்தகம் எல்லாம் ஒரே நொடியில் உறைந்து போகும். மூன்று நிமிடத்தில் தானாகவே எழுந்துவிடும். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்குள் வரிசையில் நிற்பவர்கள் மருத்துவமனையைத் திட்ட, மருத்துவமனை மேலாளர் ஒரு பெண்ணைத் திட்டுவார்.

அந்தப் பெண் பதிவு கவுண்டரில் காலை நேரம் உட்காருபவள். குரும்பகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வீட்டில் கொஞ்சம் நெல் சாகுபடி. ஆற்றில் தண்ணீர் வருகிற வருடம் ஒரு மாதிரியும் வராத வருடம் வேறு மாதிரியும் ஓடுகிற குடும்பம். இவள் வேலை ஒன்றுதான் எல்லா வருடமும் ஒரே மாதிரி ஓடியது. அதுவும் ஒப்பந்த வேலை. சர்வர் விழுந்த நான்கு தடவையும் இவள்தான் கவுண்டரில் இருந்தாள். அதனால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

“அந்தப் பொண்ணு எதையோ அமுக்கிடுது மேடம். சாயங்காலம் வர்ற பொண்ணும் அதே கம்ப்யூட்டர்லதான உக்காருது? அப்பல்லாம் விழலையே! கைராசின்னு ஒண்ணு இருக்கு பாத்துக்கங்க. மாசக் கடைசிக்குள்ள என்னன்னு சொல்லுங்க, இல்லன்னா ஆளை மாத்திடலாம்னு இருக்கேன்” என்றார் மேலாளர்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைங்க சார் அது” என்றேன்.

“நாலு தடவையும் அதே காக்காவா உக்காரும்?”

மனிதர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது எனக்குத் தெரியும், அவள் மேல் தப்பில்லை என்பதும் தெரியும். ஒரு கவுண்டரில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டுகிறவள் எதைத் தட்டினாலும் சர்வர் சாகக்கூடாது. செத்தால் அது சர்வரின் குற்றம். ஆனால் என் கையில் சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் போனதற்குக் காரணமும் நானே.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கெர்னல் என்பது கணினியின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் நிரல். அது விழுந்தால் எல்லாம் விழும். விழுந்தபின் என்ன நடந்தது என்று அதனால் எழுதி வைக்க முடியாது, செத்தவன் எப்படி எழுதுவான்? அதனால் முன்கூட்டியே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அதில் இன்னொரு சின்னக் கெர்னலைத் தூங்க வைத்திருக்க வேண்டும். பெரியது சாய்ந்ததும் சின்னது விழித்துக்கொண்டு, சாகும் நொடியில் நினைவகத்தில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் வன்வட்டில் ஒரு கோப்பாக எழுதும். எழுதி முடித்த பிறகு சர்வரை மறுபடி கிளப்பிவிடும். எவ்வளவு இடம் ஒதுக்குவது, கோப்பை எங்கே போடுவது, போட்ட பின் என்ன செய்வது என்று நாலைந்து வரிகளில் சொல்லி வைத்தால் போதும். அந்த நாலைந்து வரிகளை நான் எழுதவே இல்லை.

எழுதியது ஒரே வரி. விழுந்தால் பத்து விநாடியில் தானே எழுந்துகொள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நடுவில் போன் அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த காரியம். சர்வர் விழும், எழும், யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஏன் விழுந்தது என்ற தடயம் மட்டும் ஒவ்வொரு தடவையும் அழிந்து போகும். என் நிம்மதிக்கு நான் வைத்த வரி அந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைக்கும் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மாற்றியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அலுப்பில் இருந்தேன்.

மேலாளர் பேசிய மறுநாள் காலை போய் அந்த நாலைந்து வரிகளை எழுதினேன். நினைவகத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு ஒதுக்கலாமோ அவ்வளவு ஒதுக்கினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, நாமே வேண்டுமென்று சர்வரை ஒரு தடவை விழவைக்க வேண்டும். அதுதான் முறை. எனக்கு அன்று நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று மூடிவிட்டுக் கிளம்பினேன்.

சரியாக இல்லை. மூன்றாம் நாள் சர்வர் விழுந்தபோது சின்னக் கெர்னல் விழித்திருக்கிறது, ஒதுக்கிய இடம் போதாமல் மூச்சுத் திணறி அதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தத் தடவை தானாக எழவும் இல்லை. மருத்துவமனை உதவியாளர் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நினைவகம் போதவில்லை என்ற வரி அதில் தெளிவாகத் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் கவுண்டரில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்ற யாரோ அவளை அசிங்கமாகப் பேசியிருக்கிறார்கள். மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

“அக்கா, நான் பேரைத்தான் அடிச்சேன். வேற ஒண்ணுமே தொடல” என்றாள்.

“தெரியும்மா.”

“தெரியும்னா அவர்ட்ட சொல்லுங்களேன்.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். என்னவென்று சொல்வது? எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. அவள் மேல், மேலாளர் மேல், எல்லாவற்றுக்கும் மேலே என் மேல். இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. சாட்சி வேண்டுமென்றால் சர்வர் இன்னொரு தடவை விழ வேண்டும். விழுந்தால் அவள் இன்னொரு தடவை திட்டு வாங்க வேண்டும். நான் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தேன்.

இந்தத் தடவை இடத்தை நான்கு மடங்காக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கே போய், ஒரே ஒரு எழுத்தைத் தட்டி சர்வரை நானே சாகடித்துப் பார்த்தேன். திரை கறுத்தது. சின்னக் கெர்னல் எழுந்தது. நூற்றுக்கு இவ்வளவு எழுதியாகிவிட்டது என்று எண்கள் ஏறின. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து, முழுக் கோப்பும் வட்டில் இருந்தது. பல நாள் கழித்து அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாக மீன்குழம்பு சாப்பிட்டேன்.

அடுத்த புதன்கிழமை சர்வர் விழுந்தது. நான் நெடுங்காட்டில் இருந்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இன்றைக்கு மாட்டிக்கொண்டது என்று. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தால் சர்வர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைத் தேடினேன். இருந்தது, பாதி. முடியவில்லை என்று பெயரிலேயே ஒட்டியிருந்தது.

உதவியாளர் பின்னால் வந்து நின்றார். அறுபதை நெருங்குகிற மனிதர். இந்த மருத்துவமனையில் கதவு, மோட்டார், மின்விசிறி, யுபிஎஸ் எல்லாம் அவர் பொறுப்பு.

“சரி பண்ணிட்டேன் மேடம். இன்னிக்கி ரொம்ப நேரம் இழுத்துச்சு. எழுத்தா ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி அணைச்சிட்டு, பத்து எண்ணிட்டுப் போட்டேன். வந்துடுச்சு.”

நான் சொன்ன மாதிரிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மூணு நிமிஷத்துல வரலன்னா பின்னாடி சுவிட்சை அணைச்சிடுங்க அண்ணே, பத்து எண்ணுங்க, அப்பறம் போடுங்க என்று. மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அங்கே எது நின்றாலும் அதே வைத்தியம்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் நின்றாலும், டோக்கன் அடிக்கிற பிரிண்டர் நின்றாலும் அணைத்துவிட்டுப் பத்து எண்ணுவார். நர்ஸ்கள்கூடச் சேர்ந்து எண்ணுவார்களாம். இப்போது கோப்பு எழுத நேரம் பிடிக்கும், தொடாதீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கெர்னலுக்கு நாலு வரி எழுதத் தெரிந்தவளுக்கு மனுஷனிடம் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

“ஏங்க மேடம், தப்புங்களா?” என்றார்.

“இல்லண்ணே. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.”

மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் நான் படிக்கட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை. ஒரு மணிக்கு வெளிநோயாளிப் பிரிவை மூடிவிடுவார்கள், இனி நாலு மணிக்குத்தான். ஊரிலும் கடைகளெல்லாம் சாத்தியிருக்கும் நேரம். அந்தப் பெண் பஸ்ஸுக்குப் போகாமல் வந்து நின்றாள்.

“அக்கா, அது விழுறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணேன்னு எழுதி வச்சிருக்கேன். எல்லாத் தடவையும். பாக்குறீங்களா?”

ஒரு பழைய டைரியின் பின்பக்கம். தேதி, நேரம், எத்தனையாவது நோயாளி, என்ன செய்துகொண்டிருந்தாள் எல்லாம் இருந்தது. என்னிடம் இல்லாத குறிப்பேடு அவளிடம் இருந்தது. இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, நான் உள்பட. படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று பிடிபட்டது. எல்லாத் தடவையும், விழுவதற்குச் சற்று முன்னால், முந்தின நாள் காப்பீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து மொத்தமாகச் சர்வருக்கு அனுப்பியிருக்கிறாள்.

“சாயங்காலம் வர்ற பொண்ணும் இதை அனுப்பும்ல?”

“அனுப்பணும்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அனுப்பாது. மேசை டிராயர்ல போட்டு வச்சிடும். அதையும் சேத்து மறுநாள் நான்தான் அனுப்புறேன்” என்றாள்.

ஆக, அந்தக் கவுண்டரில் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருத்தியின் கையில்தான் சர்வர் விழுந்துகொண்டிருந்தது. செய்யாதவளுக்குக் கைராசி நன்றாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

“நாளைக்கி மத்தியானம், எல்லாரும் போன பெறகு, நான் வேணும்னே ஒரு கட்டு அனுப்பட்டுமா? நீங்க இருக்கும்போதே விழட்டும்” என்றாள் அவள். இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும். அவள் கவுண்டரில், நான் சர்வர் முன்னால், உதவியாளர் எங்களுக்கு நடுவில். டிராயரில் கிடந்த காகிதங்களையும் சேர்த்துப் பெரிய கட்டாக அனுப்பினாள். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவது கட்டின் பாதியில் திரை உறைந்தது.

“விழுந்துடுச்சு!” என்று உதவியாளர் கத்தினார். அவர் கை தன்னையறியாமல் சுவிட்ச் பக்கம் போனது. பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். எண்கள் ஏறின. மூன்று நிமிடம் ஆனது, ஐந்து ஆனது. “இப்பவும் அணைக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோராவது நிமிடம் கோப்பு முழுதாக வட்டில் விழுந்தது. அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கோப்பைத் திறந்து, சாகும் நொடியில் எந்த நிரல் எதைக் கூப்பிட்டது என்ற வரிசையைப் படித்தேன். மேலே இருந்த முதல் நான்கு வரிகளிலும் ஒரே பெயர். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்கிற சின்ன நிரலின் பெயர். எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். கடற்காற்றில் பழைய கார்டு உப்புப் பூத்துப் போனபோது, கையில் கிடைத்த ஒரு புதுக் கார்டைச் சொருகி, அதற்கான டிரைவரை எங்கிருந்தோ இறக்கி, கெர்னலுக்குள் சேர்த்தவள் நான். வெளியிலிருந்து வந்த சரக்கு சேர்ந்திருக்கிறது என்று கெர்னல் அந்த அறிக்கையிலேயே குறித்தும் வைத்திருந்தது. பெரிய கட்டாகத் தரவு வந்தால் அந்த டிரைவர் தடுமாறி, தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைக்கிறது. அதோடு சர்வர் காலி.

அழுகை வந்தது என்று சொன்னால் பொய். வெட்கம் வந்தது. கூடவே ஒரு நப்பாசையும் வந்தது. இந்த ஊரில் இந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டிரைவர் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். டிரைவர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

“என்னக்கா, தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா. உன்னால இல்ல. இரு, அவர்ட்ட சொல்லிட்டு வந்துடுறேன்.”

மேலாளர் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். கார்டு, டிரைவர், அதைப் போட்டது நான் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். சொன்ன பிறகு என் ஒப்பந்தமும் போகும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்கிற அளவுக்கு ஓய்ந்திருந்தேன்.

“அட, அவ்வளவுதானா? டெக்னிக்கல் மேட்டரா!” என்றார். முகம் மலர்ந்தது. “மாத்திடுவீங்கல்ல?”

“நாளைக்கே மாத்திடுறேன் சார். ஆனா அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அதுகிட்ட திங்கக்கிழமையே சொல்லிட்டேனே மேடம். ஒண்ணாம் தேதிலேருந்து வேற ஆளு வருது, வரச் சொல்லியாச்சு. இப்பப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது? எங்கயாவது காலி விழுந்தா பாக்கலாம். நீங்க கார்டை மாத்திடுங்க.”

திங்கட்கிழமை. அதற்கப்புறம்தான் புதன்கிழமை அவள் டைரியைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்கப்புறம்தான் இன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து கட்டுக்கட்டாக அனுப்பிக்கொண்டிருந்தாள். வேலை போன பிறகு.

திரும்பி வந்தேன். கவுண்டரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவியாளர் எங்கோ போயிருந்தார்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க பாக்காம விட்டுடுவீங்களோன்னு நெனச்சேன். போன வேலைதானன்னு.”

விட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் பிடிக்கவில்லை. அதனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “தப்பு என்னுதும்மா. அந்தக் கார்டைப் போட்டவ நான்தான். முன்னாடியே பாத்திருக்கணும். பாக்கல.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவர்ட்ட அப்படியேவா சொன்னீங்க?”

“அப்படியேதான்.”

“உங்கள ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லல.”

“ஒண்ணுமே சொல்லலையா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “அதை ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா அக்கா? தமிழ்ல. வேற எங்கயாவது கேட்டாங்கன்னா காட்டணும். வீட்லயும் காட்டணும்” என்றாள்.

பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இந்த மருத்துவமனையின் சர்வர் நின்றுபோனதற்குக் காரணம் நான் பொருத்திய கருவி, நான் சேர்த்த நிரல். பதிவு கவுண்டரில் இருந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். கீழே என் கையெழுத்து. மாதக்கணக்கில் நான் எழுதாமல் விட்ட நாலு வரி.

வாங்கி இரண்டு தடவை படித்தாள். மடிக்கப் போனவள் நிறுத்தி, திரும்ப என் பக்கம் நீட்டினாள்.

“தேதி போடலியே அக்கா” என்றாள்.